ரெண்டரை நிமிஷ லாபம்

அத்தியாயம் 7

"இவன்தான் மேடம் கொலகாரன்," என்று மேஜை மேலிருந்த இயந்திரத்தைக் காட்டினான் மண்ணாங்கட்டி. "போலீஸே சொல்லிட்ச்சு. வெலங்கு மாட்டக் கை இல்லேன்னு வுட்டுட்டுப் போய்ட்டானுங்க."

கனகம் சிரிக்கவில்லை. அவள் கண் போன பக்கம் திரும்பிப் பார்த்தபோதுதான் கீழேயே இருக்கிறாள் என்று நினைத்த செல்லக்கனி வாசலில் நிற்பது மண்ணாங்கட்டிக்குத் தெரிந்தது. செத்துப்போனவனின் அக்காவை வைத்துக்கொண்டா இந்தப் பேச்சு பேசினோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன புண்ணியம், வாய் முந்திக்கொண்டுவிட்டது.

வல்லக்கோட்டையில் எல்லப்பன் வீட்டு மாடி. பத்துக்குப் பத்து அறை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, சக்திகுமார் இந்த இயந்திரத்தின் காலடியில் கரண்ட் அடித்துச் செத்துக் கிடந்தான். வயது இருபத்தைந்து. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட் கூலி. பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலைதான். ஆனால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய சி.என்.சி. மிஷின்களைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைச் சின்னதாகத் தன் அறையிலேயே கட்டியிருந்தான். ஒரு பழைய கம்ப்யூட்டர், மரையாணித் தண்டு மூன்று, பலகை குடையும் கைமிஷின் ஒன்று. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் இது மரத்தில் செதுக்கித் தரும். யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லாத, முழுக்க முழுக்க ஆசைக்காகக் கட்டிய மிஷின்.

போலீஸ் மூன்று வரியில் கேஸை முடித்திருந்தது. புது மோட்டார் வாங்கிப் போட்டான். வேகத்தைக் கூட்டினான். அவசரத்தில் திறந்து கிடந்த ஒயரில் கையை வைத்தான்.

"நான் வேற ஒண்ணும் கேக்கலக்கா," என்றாள் செல்லக்கனி. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்பவள். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல். "அந்த மோட்டாரு நான் வாங்கிக் குடுத்தது. தீவாளிக்குப் போனஸ் வந்ததும் நானேதான் பாரிமுனைக்கு அவனக் கூட்டிட்டுப் போனேன். அதுதான் அவனக் கொன்னுச்சான்னு மட்டும் சொல்லுங்க. எங்கம்மா என் மொகத்தப் பாக்க மாட்டேங்கா. போன எடுக்க மாட்டேங்கா."

அவளுக்குப் பின்னால் படியில் சுடலை உட்கார்ந்திருந்தான். அவளுடைய மாமன் மகன், சக்திகுமாரோடு இதே அறையில் தங்கியிருந்தவன், அதே கம்பெனியில் மிஷின்களுக்கு அளவும் வேகமும் வைத்துக் கொடுக்கும் செட்டர். தையில் இருவருக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. போன வாரம்தான் அவனுக்கு வேலை நிரந்தரமாகிக் கடிதம் வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் கிடக்கிறான் என்று செல்லக்கனிதான் வரும் வழியில் ஆட்டோவில் சொன்னாள்.

"நீங்க இதை ஓட்டினது உண்டா தம்பி?" என்று கேட்டாள் கனகம்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுக்கா. அவன் எப்பவும் நோண்டிக்கிட்டே இருப்பான். நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா படுத்துருவேன். ஒருநாளும் தொட்டதில்ல. அன்னைக்கும் நைட் ஷிஃப்ட் முடிச்சு ஏழு மணிக்கு வந்து பாத்தா..." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். பிறகு இருவரும் கீழே போனார்கள்.

கனகம் மறைமலை நகரில் பதினாலு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவள். ஓட்டைப் பாகத்தை நல்ல பாகம் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள், வீட்டுக்குப் போ என்றார்கள். அன்றிலிருந்து ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்கு மாடியில் துப்பறியும் நிலையம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளை குடிப்பானா என்று கேட்பவர்கள். மண்ணாங்கட்டி ஷேர் ஆட்டோ ஓட்டுபவன், அவளுக்கு உதவியாளனும் அவன்தான். அவன் அப்பன் வேர்க்கடலை போட்ட நிலத்தில் இப்போது ஒரு கம்பெனியின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அந்த வழியாகச் சவாரி வந்தால் மட்டும் அவன் பேசாமல் ஓட்டுவான்.

"இங்க வா. இந்தப் பலகையைப் பாரு," என்றாள் கனகம்.

இயந்திரத்தின் மேல் இன்னும் அந்தப் பலகை இறுக்கிக் கிடந்தது. பெயர்ப்பலகை. கல்யாணத்துக்குப் பிறகு லைன் வேலையை விட்டுவிட்டுத் தையல் கடை வைக்கப்போகும் அக்காவுக்காகத் தம்பி செதுக்கியது. 'செல்லக்கனி' என்ற எழுத்துகள் வரிசை பிசகாமல் அழகாக இருந்தன. அடுத்த சொல் 'தையலகம்'. அதில் 'தை' சரியாக இருந்தது. 'ய' அதன்மேல் சாய்ந்திருந்தது. 'ல' நேராக 'ய' மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. 'க' பாதியில் நின்றுபோயிருந்தது.

"அன்னிக்குக் காலைல ஆறு மணிக்குப் பவர் கட். அதான் பாதில நின்னுட்ச்சு," என்றான் மண்ணாங்கட்டி. "ஆனா இன்னாத்துக்கு எழுத்துங்க எல்லாம் ஷேர் ஆட்டோல ஏறினா மாதிரி நெருக்கிக்கினு கீது?"

"முதல் வார்த்தையை சனிக்கிழமையே முடிச்சுட்டதா அக்காகிட்ட போன்ல சொல்லியிருக்கான். ரெண்டாவது வார்த்தை திங்கட்கிழமை விடியல்ல ஓடினது. சனிக்கிழமை ஒழுங்கா ஓடின மிஷின் திங்கட்கிழமை ஏன் தடுமாறுச்சு?"

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மூடி, வேறொன்றைத் திறந்து, பத்து நிமிஷம் தேடிய பிறகு ஒரு பக்கத்தில் நின்றாள். அதில் இரண்டு எண்கள். "இது ஃபீட். கத்தி மரத்தை வெட்டிக்கிட்டுப் போற வேகம். இது ராபிட். ஒரு எழுத்தை முடிச்சுட்டு, கத்தியைத் தூக்கிக்கிட்டு, அடுத்த எழுத்துக்குச் சும்மா காத்துல போற வேகம். ராபிட் எவ்வளவு போட்டிருக்கு?"

"மூவாயிரம்."

"இப்ப இதைப் படி." கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சக்திகுமாரின் கையெழுத்து. புது மோட்டார் மாட்டிய மறுவாரத் தேதி. 'ராபிட் 1200 தாண்டினால் தடம் தப்புது. 800 போதும்.'

மண்ணாங்கட்டி காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணு புரில மேடம். சீக்கிரம் போனா நல்லதுதான? புது மோட்டார் போட்டதே அதுக்குத்தான?"

"உங்க தெருவுக்குக் கீரைக்காரம்மா வருமே. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, பேரம் பேசி, கட்டைப் பிரிச்சு, சில்லறை குடுத்துட்டு நகரும். ரெண்டு வாசலுக்கு நடுவுல அது ஓட்டமா ஓடினா எவ்வளவு நேரம் மிச்சம்?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்கும்."

"அவ்வளவுதான். வெட்டுற நேரம்தான் நேரம். அதைக் கூட்ட முடியாது, கத்தி முறிஞ்சுடும். காத்துல போறது கொஞ்ச தூரம்தான்." அவள் எண்ணை மாற்றி மாற்றிக் காட்டினாள். முழுப் பலகைக்கும் ஆகும் நேரத்தைக் கம்ப்யூட்டரே சொன்னது. எண்ணூறில் ஓட்டினால் நூற்றுப் பதினோரு நிமிஷம். மூவாயிரத்தில் நூற்று எட்டரை. "ரெண்டரை நிமிஷ லாபம். அதுக்கு நஷ்டம் என்ன தெரியுமா? இந்த மாதிரி சின்ன மோட்டாரை ரொம்ப விரட்டினா திணறும். பத்து அடி போன்னா எட்டு அடிதான் போகும். பின்தங்கிட்டோம்னு கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எழுத்து மேல எழுத்து ஏறும். அவன் மோட்டார் வாங்கினது வேகத்துக்கு இல்ல, பலத்துக்கு. இதை இத்தனை சுத்தமாத் தெரிஞ்சு எழுதி ஒட்டினவன், அக்கா பேர் போட்ட பலகையை மூவாயிரத்துல ஓட்டுவானா?"

"அப்போ ஓட்டினது அவன் இல்ல."

"அவன் இல்ல."

மண்ணாங்கட்டி இயந்திரத்தின் காலடியைப் பார்த்தான். ஓட்டியது சக்திகுமார் இல்லை என்றால், இயந்திரம் ஓடியபோது அவன் எங்கே இருந்தான்?

* * *

கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் திருமலை இரண்டு விரலில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, நேரம் பொன் என்பதுபோல நின்றுகொண்டே குடித்தார். போலீஸுக்குச் சாட்சி சொன்னவரும் அவர்தான்.

"பசங்களுக்கு ஸ்பீடு பைத்தியம் மேடம். மோட்டாரை மாத்தினான், வேகத்தைக் கூட்டினான், போய்ச் சேந்தான். நாங்க என்ன பண்றது? கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"வேகம் கூடினா லாபமா சார்?" என்று வெகுளியாகக் கேட்டாள் கனகம்.

"வூட்ல வெச்சு விளையாடறதுக்கு என்ன லாபம், மண்ணு. இங்க கதையே வேற. ஷிஃப்டுக்கு ஆயிரத்து எரநூறு பீஸ். பீஸுக்கு ஒரு செகண்ட் கொறைச்சா இருபது நிமிஷம். கத்தி மாத்தி மாத்தி ஒரு பீஸுக்கே முப்பது தடவை காத்துல பறக்குது. எங்க செட்டர் பசங்க மிஷின் முன்னால போய் நின்னாலே..." காற்றில் ஒரு குமிழை முழுக்கத் திருப்பிக் காட்டினார். "ராபிட் நூறு பர்சென்ட். யோசிக்கவே மாட்டானுங்க. தூக்கத்துல எழுப்பி நிறுத்தினாக்கூட கை தானாப் போவும். அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்."

"சக்திகுமாரும் மிஷின்லயா?"

"அவன் பேக்கிங். மிஷினைத் தொட வுட மாட்டோம்."

"ஞாயித்துக்கிழமை ராத்திரி அவன் ஓவர்டைமுக்கு வந்தானா?"

திருமலை டீயை ஒரு மடக்கு குடித்தார். "ரெஜிஸ்டர்ல இல்ல."

"நன்றி சார்," என்று கனகம் கிளம்பிவிட்டாள்.

ஆட்டோவில் ஏறியதும் மண்ணாங்கட்டி பொரிந்தான். "வந்தானான்னு கேட்டா வந்தான், வரலேன்னு சொல்லணும். ரெஜிஸ்டர்ல இல்லையாம்! நான் ரேஷன் கார்டுல இல்ல மேடம், அதுக்காக நான் பொறக்கலியா? ஞாயித்துக்கிழமை ஓ.டி.க்கு வர்ற கான்ட்ராக்ட் பசங்க பேரு எதுலயும் ஏறாது, ஊருக்கே தெரியும். உள்ளதான் செத்துக்கீறான். தூக்கியாந்து ரூம்ல போட்டுக்கீறானுங்க. அங்க மிஷின் ஒண்ணு ரெடியா குந்திக்கினு கீது, பழி போடறதுக்கு. இந்த ஆளு கைதான் மேடம். குமிழைத் திருப்பிக் காட்டினான் பாரு, அந்தக் கையே கை!"

"பாதி சரி. ஆனா அந்த ஆளுக்குக் குமிழ்தான் தெரியும். சக்தி மிஷின்ல குமிழ் ஏது? கம்ப்யூட்டர்ல அந்த எண் எங்க இருக்குன்னு தேட எனக்கே பத்து நிமிஷம் ஆச்சு."

"அப்போ?"

கனகம் ரோட்டைப் பார்த்தாள். வெளியே வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. மண்ணாங்கட்டி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். கேஸ் முடிந்துவிட்டால் வழக்கமாக அந்த முகத்தில் ஒரு தெளிவு வரும். இன்று அது இல்லை.

"அந்தப் பொண்ணு கேட்டது ஒரே ஒரு கேள்வி," என்றாள் கடைசியில். "பதில் கைல இருக்கு. ஆனா அதை மட்டும் தனியாப் பிரிச்சுக் குடுக்க முடியாது போல."

* * *

மாலை நான்கு மணிக்குச் சுடலை அறைக்கு வந்தான். கனகம்தான் செல்லக்கனியிடம் சொல்லி வரவழைத்திருந்தாள். செல்லக்கனி கீழே எல்லப்பன் வீட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"கெட்டுப்போன பலகைக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டுடலாம்னு பாத்தேன் தம்பி. அந்தப் பொண்ணுக்குத் தம்பி ஞாபகமா இருக்கும்," என்றாள் கனகம். புதுப் பலகையை இறுக்கியிருந்தாள். திறந்து கிடந்த ஒயரையெல்லாம் மண்ணாங்கட்டி டேப் சுற்றி வைத்திருந்தான். ராபிட் எண்ணை எண்ணூறுக்கு மாற்றியிருந்தாள். "'தையலகம்' மட்டும் ஓட்டிப் பாப்போம். சாயந்தரமும் ஆறு மணிக்குக் கரண்ட் போயிடும். அதுக்குள்ள முடிஞ்சாகணும். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்குங்க, போதும்."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. மரத்தூள் பறந்தது. கத்தி 'தை'யின் ஒரு பாதியை முடித்து, மேலே எழும்பி, மறு பாதிக்கு நகர்ந்தது. மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. கனகம் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி யாரிடமோ பேசுவதுபோல நின்றாள். மண்ணாங்கட்டி மூலையில் பழைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதன் மேல்விளிம்பு வழியாகப் பார்த்தான்.

சுடலை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கத்தி எழும்பியது, ஊர்ந்தது, இறங்கியது. அவன் கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. கத்தி மறுபடி எழும்பியது, ஊர்ந்தது. சுடலை கடிகாரத்தைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். கட்டியிருந்த கை அவிழ்ந்தது. கண் கத்தியிலேயே இருக்க, அந்தக் கை மட்டும் விசைப்பலகைக்குப் போயிற்று. ஒரு பொத்தான், கீழே இரண்டு தட்டு, இன்னொரு பொத்தான், மூன்று, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எதையும் அவன் தேடவில்லை.

இயந்திரம் ஊளையிட்டுக்கொண்டு பாய்ந்தது. 'ய' வந்து 'தை' மேல் சாய்ந்தது.

அந்தச் சத்தத்தில்தான் சுடலைக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. சூடு பட்டதுபோல அதை இழுத்துக்கொண்டான். கனகம் ஃபோனை இறக்கினாள். அதில் யாரும் இல்லை.

"ஒருநாளும் தொடாத மிஷின்ல இதை எப்படிப்பா கண்டுபிடிச்சே? எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு."

மண்ணாங்கட்டி எழுந்து இயந்திரத்தை நிறுத்தினான். பலகை மேலிருந்த மரத்தூளைக் கையால் துடைத்தான்.

"காலடியில மச்சானைப் போட்டு வெச்சுக்கிட்டு," என்றாள் கனகம், "மிஷின் மெதுவாப் போகுதேன்னு வேகத்தைக் கூட்டியிருக்கே. முழுப் பலகையும் ஓடியிருந்தாக்கூட ரெண்டரை நிமிஷம்தான் மிச்சம்."

சுடலை சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "பழக்கம்க்கா," என்றான். அதைச் சொன்னபோதுதான் அழுதான். "அவன் ஓட்டும்போது பக்கத்துல ஒக்காந்து நெதமும் பாப்பேன். வேகமா வச்சுப் பாருலன்னு ஒருநா நானே மாத்திக் காட்டுனேன். வேண்டாம் அத்தான், தடம் தப்பிரும்னு திருப்பிக் கொறச்சுட்டான். அன்னைக்கு எனக்கு எதுவும் யோசிக்க ஓடல. கை தானாப் போயிருச்சு."

"ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சு?"

"ஓ.டி. லோடு அனுப்பணும்னு பேக்கிங் ஆளுகள வரச் சொல்லிருந்தாவ. வெல்டிங் செட்டு ஒயரு பிஞ்சு கெடந்துச்சு, கீழ தண்ணி. மூணரை மணி இருக்கும், அவன் கால வச்சுட்டான். திருமலை சார்தான் சொன்னாரு, இவன் பேரே உள்ள இல்ல, போலீசு வந்தா லைன் நிக்கும், அத்தன பேரு சோறும் போயிரும்னு. ரூம்ல மிஷின் வச்சிருக்கான்லான்னு என்கிட்டதான் கேட்டாரு. வேன்ல ஏத்திட்டு வந்தோம். அவன் செத்துட்டான்க்கா. செத்தவனுக்கு எங்க செத்தா என்ன? எனக்கு வேல கன்ஃபர்ம் ஆனா அவளயும் அத்தயயும் நான் பாத்துக்கிடலாம்னு நெனச்சேன். அவளுக்காகத்தான் செஞ்சேன்."

கதவருகே தட்டோடு செல்லக்கனி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. நான்கு டம்ளரும் தளும்பாமல் இருந்தன. அவள் உள்ளே வந்து தட்டைத் தரையில் வைத்தாள். பிறகு சுடலைக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தான், வேன்ல அவன் தல யாரு மடியில இருந்துச்சு?"

"செல்லம், நான்..."

"யாரு மடியிலன்னு கேக்கேன்."

"எம் மடியிலதான்."

"சூடு இருந்துச்சா?"

சுடலை இரண்டு கையாலும் தன் மடியை மூடிக்கொண்டான். கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர், இந்த அறை எட்டு கிலோமீட்டர். தினமும் அந்த ரோட்டில் சவாரி அடிக்கும் மண்ணாங்கட்டிக்கு, சூடு இருக்கும்போதே வண்டி எங்கே போயிருக்க வேண்டும் என்ற கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனால் அங்கே நிற்க முடியவில்லை. நின்றான்.

கனகம் ஃபோனில் ஸ்டேஷன் எண்ணைத் தேடி எடுத்தாள். அழுத்துவதற்கு முன் செல்லக்கனியின் தோளைத் தொட்டாள். "நீ வாங்கிக் குடுத்த மோட்டார் அவனைக் கொல்லலம்மா. உன் பேர்ல ஒரு குத்தமும் இல்ல. அதை நான் எழுத்துலயே தரேன், உங்கம்மாகிட்ட காட்டு."

செல்லக்கனி தலையை நிமிர்த்தவில்லை. அவள் கண் சுடலையின் மடியிலேயே இருந்தது.

"நானே கொன்னதா இருந்திருக்கலாம்க்கா," என்றாள். "எங்கம்மா என்னய மட்டும்தான் வெறுத்திருப்பா. இவுக அவ கூடப் பொறந்த அண்ணன் மகன். அவ தூக்கி வளத்த புள்ள. இத நான் போயி எந்த வாயால அவகிட்டச் சொல்லுவேன்?"